சாம்பல் கோட்டில் ஒரு வாசல்

வேலைக்கால நினைவுகளை எழுத எனக்கு இன்னும் வயது போதாது. மகன் இப்போதுதான் சுவரைப் பிடிக்காமல் நடக்கிறான். அவன் பிறந்ததும் வேலையை விட்டேன். திரும்பப் போவாயா என்று கேட்பவர்களுக்கு இன்றைக்கு ஒரு பதிலும் நாளைக்கு வேறொரு பதிலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் என் இடத்துக்கு வந்திருக்கும் நிரோஷா போன வாரம் தொலைபேசியில் விடாமல் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, இப்ப வர்றவங்க எல்லாம் பின்வீடுதான் கேக்குறாங்க. முன்னால ஒரு வீடு இருக்கு, பின்னால சின்னதா இன்னொன்னு போட்டுக்கலாமான்னு. அந்த ஸ்பிரிங்வெளிப் பக்கத்துப் பெரியவரு வீட்ட நீங்கதானே ஸ்டெல்லா மிஸ்ஸோட போய்ப் பாத்தீங்க? எழுதித் தாங்களேன். வாயால சொன்னா நான் மறந்துருவேன்."

மகன் தூங்கும் நேரங்களில் எழுதுகிறேன். அதனால் இது ஓரிடத்தில் நீண்டும் ஓரிடத்தில் அறுந்தும் இருக்கும்.

பதுளையில் தொழில்நுட்பக் கல்லூரியில் படம் வரையப் படித்தேன். படித்து முடித்துச் சில மாதம் வீட்டில் இருந்தேன். பிறகு, வீடு கட்டுகிறவர்களுக்கு ஆலோசனை சொல்லும் ஒரு சிறிய அலுவலகத்தில் படவரைஞராகச் சேர்ந்தேன். படிப்பைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது. நான் வேலை கற்றது ஸ்டெல்லா மிஸ்ஸின் பின்னால் நடந்து. அவர் எங்கள் தொழில்நுட்ப உத்தியோகத்தர். பதுளை நகரத்துப் பெண். ஞாயிறு காலையில் மாதா கோயிலில் பாடுவார், திங்கள் காலையில் சேற்றுச் செருப்போடு தேயிலைத் தோட்டத்துப் படிகளில் ஏறுவார். என்னைவிட ஏழெட்டு வயதுதான் மூப்பு. ஆனாலும் அவர் முன்னால் நான் கேள்வி கேட்டது குறைவு.

பின்வீடு என்பது புதிய விஷயம் இல்லை. நகரத்தை ஒட்டிய இடங்களில் காணி வாங்க வழியில்லாதவர்கள், இருக்கும் வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை, ஓர் அடுப்படி, ஒரு கழிப்பறை என்று சின்னதாகக் கட்டிக்கொள்வார்கள். மகனுக்குக் கல்யாணமாகும், அல்லது பெற்றோருக்கு வயதாகும். தோட்டங்களிலோ கதை வேறு மாதிரி. தொழிலாளர் வரிசை வீடான லயத்தைவிட்டு வெளியே தனி வீடு கிடைத்தவர், பெரும்பாலும் மகன். அப்பாவும் அம்மாவும் லயத்தின் ஒற்றை அறைக் காம்பராவிலேயே இருப்பார்கள். மகனின் துண்டுக் காணியில் பின்பக்கம் கொஞ்சம் இடம் மிஞ்சியிருக்கும். அதைப் பார்த்துவிட்டு எங்களிடம் வருவார்கள்.

இதற்காக அலுவலகத்தில் ஒரு மாதிரிப் படம் வைத்திருந்தோம். ஸ்டெல்லா மிஸ் வரைந்தது. பின்வீடு முன்வீட்டின் அடுப்படிச் சுவரை ஒட்டி நிற்கும். இரண்டுக்கும் வெளியே போக ஒரே நடை. பின்வீட்டுக்காரர்கள் முன்வீட்டின் அடுப்படி ஓரமாக வந்து வெளியே போவார்கள். சுவர் ஒன்று மிச்சம், இடமும் மிச்சம். பல குடும்பங்களுக்கு அது பிடித்திருந்தது. எனக்கும் அது அழகான படமாகத்தான் தெரிந்தது.

ஆனால் எந்தப் படத்தையும் அவர் அப்படியே கொடுத்துவிடமாட்டார். முதலில் வீட்டுக்குப் பின்னால் உள்ள மண்மேட்டைப் பார்ப்பார். மழைத் தண்ணீர் எங்கே இறங்குகிறது, வடிகால் கான் எந்தப் பக்கம் வெட்டியிருக்கிறது, மேட்டில் வெடிப்பு இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்ப்பார். மேட்டை ஒட்டிக் கட்டக் கூடாது என்பதில் அவர் யாரோடும் பேரம் பேசியதில்லை. பிறகு அந்த வீட்டு அடுப்பிலிருந்தே சாம்பல் கேட்டு வாங்குவார். முளைக்குச்சி அடித்து, நூல் கட்டி, நூலின் கீழே சாம்பலைத் தூவி, கட்டப்போகும் வீட்டை அதன் முழு அளவில் தரையில் போட்டுவிடுவார். சுவர் ஒரு கோடு, கதவு ஓர் இடைவெளி.

அதற்குப் பிறகு அவர் செய்வதுதான் நான் வேறெங்கும் பார்க்காதது. குடும்பம் முழுவதையும் உள்ளே கூப்பிடுவார். "இப்ப விடிஞ்சிருச்சு. எந்திரிங்க," என்பார். அவர்கள் அந்தக் கோடுகளுக்குள் ஒரு காலைப்பொழுது வாழ்ந்து காட்ட வேண்டும். எங்கே படுப்பார்கள், தண்ணீர் குடம் எங்கே இறங்கும், தேத்தண்ணி எங்கே கொதிக்கும், ஈரத் துணி எந்தப் பக்கம் காயும். முதலில் எல்லோரும் சிரிப்பார்கள். கொஞ்ச நேரத்தில் சண்டை பிடிப்பார்கள். சண்டை வந்தால் மிஸ்ஸின் முகம் தெளிந்துவிடும்.

இன்னொன்று. சாம்பல் கோட்டுக்குள் கால் வைக்கும் முன் அவர் செருப்பைக் கழற்றி வெளியே விடுவார். சேறாக இருந்தாலும் கழற்றுவார். முதல் நாள் நான் செருப்போடு உள்ளே போய் நின்றேன். அவர் என் காலைப் பார்த்தார். மறுபடி நான் அப்படிச் செய்ததில்லை.

நிரோஷா கேட்ட பெரியவர் பெருமாள் ஐயா. அவர் மகன் சந்திரன் எங்களிடம் வந்தது மழைக்காலத்துக்கு முன்னால். பதுளைக்கும் தெமோதரைக்கும் ஆட்டோ ஓட்டுகிறவர். அவருக்குத் தனி வீடு கிடைத்திருந்தது. மனைவி ரஞ்சனிக்கு ஏழாம் மாதம். பெற்றோர் இருந்த லயத்துக்கு மேலே மண் இளகியிருக்கிறது, அடுத்த மழைக்கு அங்கே யாரும் இருக்கக் கூடாது என்று பார்வையிட வந்த அதிகாரிகள் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

"அம்மா ரெடி மிஸ். அப்பாதான் நகர மாட்டேங்கிறாரு," என்றார் சந்திரன். "பின்னால ஒரு காம்பரா போட்டுத் தாரேன்னு சொல்லிட்டேன். சரின்னும் சொல்ல மாட்டாரு, வேணாம்னும் சொல்ல மாட்டாரு. மண்ணு வந்து மூடுற வரைக்கும் அங்கயே குந்திக்கிட்டு இருப்பாரு போல."

நாங்கள் போன அன்று வானம் இருண்டு கிடந்தது. மழை இறங்கினால் சாம்பல் கரைந்துவிடும். அதற்குள் முடிவு கிடைக்க வேண்டும், இல்லையென்றால் இன்னொரு நாள் வர வேண்டும். மழை தொடங்கிவிட்டால் அத்திவாரமே வெட்ட முடியாது. நான் வானத்தைப் பார்த்துக்கொண்டே நூலைப் பிரித்தேன். மிஸ் அவசரமே இல்லாமல் மண்மேட்டைத் தடவிக்கொண்டிருந்தார்.

பெருமாள் ஐயா வேலையிலிருந்து நின்று பல வருடமாகியும் காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகிறவர் மாதிரி விடியலிலேயே குளித்து, சட்டை போட்டு, பொத்தான் எல்லாம் பூட்டி வந்து நின்றார். மனைவி செல்லம்மா அப்படியில்லை. சாம்பல் கோடு போட்டு முடியும் முன்பே உள்ளே போய்ப் படுத்துக் குறட்டைவிட்டுக் காட்டினார்.

"மிஸ், இந்த மனுசன் கொறட்டைக்குத் தனியா ஒரு காம்பரா வேணும். அதையும் கோட்டுல போடுங்க."

"நான் கொறட்ட விடுறனா? நீ விடுறது பக்கத்து டிவிசனுக்குக் கேக்குது," என்றார் ஐயா. ரஞ்சனி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அதுவரை நன்றாக இருந்தது. "ஐயா, ஒங்களுக்கு எப்படி இருக்கு?" என்று மிஸ் கேட்டதும் தொல்லை தொடங்கியது.

"காத்து வராது போலயே மிஸ்."

மிஸ் ஜன்னலை மாற்றிப் போட்டார். கழிப்பறை தலைமாட்டுக்குக் கிட்ட இருக்கிறது என்றார் ஐயா. மிஸ் அதையும் மாற்றினார். அடுத்ததாக, முன்வீட்டுப் புகை இந்தப் பக்கம் வரும் என்றார். மிஸ் குனிந்து பழைய கோட்டைத் துடைத்தார், புதிய கோடு போட்டார். ஒவ்வொரு முறையும் ஐயா கொஞ்சம் யோசித்து இன்னொன்று சொன்னார்.

சந்திரனுக்குப் பொறுமை போய்விட்டது. "அழிச்சு அழிச்சுப் போடுறதுக்கு அவங்களுக்கு வேற வேல இல்லையாப்பா?"

"எனக்கு வேற வேல இல்ல தம்பி," என்றார் மிஸ், சாம்பல் கையோடு. "இதுதான் வேல. ஐயா, நீங்க ஒருக்கா எந்திரிச்சு வெளிய போயிட்டு வாங்க. கடைக்குப் போற மாதிரி."

ஐயா கோட்டுக் கதவால் வெளியே வந்தார். நடையில் நடந்தார். முன்வீட்டின் அடுப்படி மூலை வந்ததும் நின்றுவிட்டார். அடுப்படியைப் பார்த்தார்; அதற்கு அப்பால் சாமி படம் வைத்த சுவரைப் பார்த்தார். பிறகு பக்கவாட்டில் திரும்பி நின்று, வலது கையை வலது தோளுக்கு மேலே தூக்கி எதையோ பிடிப்பதுபோல் வைத்தார். ஒரு விநாடிதான். கையை இறக்கிவிட்டுத் திரும்பி வந்தார்.

"நட ஒடுக்கமா இருக்கு," என்றார்.

"ரெண்டு பேரு நடக்க எடம் இருக்கேப்பா!" என்றார் சந்திரன்.

நான் பார்த்தது இவ்வளவுதான். எனக்கு எதுவும் விளங்கவில்லை. மிஸ் மட்டும் சாம்பல் சட்டியைக் கீழே வைத்தார்.

"அம்மா, நீங்களும் ரஞ்சனியும் எங்களுக்கு ஒரு தேத்தண்ணி போட்டுத் தாறீங்களா? ஒரு பானை நிறைய. பக்கத்து வீட்டு ஆளுங்களுக்கும் சேத்து."

செல்லம்மா மிஸ்ஸின் முகத்தை ஒரு தடவை பார்த்தார். மருமகளைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனார்.

மிஸ் ஐயாவுக்குப் பக்கத்தில் போய், அவர் பார்த்த அதே மூலையைப் பார்த்தபடி நின்றார். ஓர் அளவைக் கேட்கிற குரலில் கேட்டார்:

"ஐயா, எத்தன பேரு தூக்குவாங்க?"

ஐயா திடுக்கிட்டுப் போனார். சந்திரன், "என்ன மிஸ்?" என்றார்.

"நாலு பேரு போதும் மிஸ்," என்றார் ஐயா கடைசியில், மெல்லிய குரலில். "ஆனா எங்க ஆளுங்க விட மாட்டாங்க. ஆறு பேரு புடிப்பாங்க."

"பெட்டிதானே?"

"பாடையெல்லாம் இப்ப இல்ல மிஸ், பெட்டிதான்." சாம்பல் கோட்டைப் பார்த்தபடி தொடர்ந்தார். "லயத்துல எனக்கு ஒரு கதவு இருக்கு மிஸ். காம்பரா சின்னது, மழைக்கு ஒழுகும், எல்லாஞ் சரிதான். ஆனா கதவு என்னோடது. எங்கப்பன் அதுவழியாத்தான் போனாரு. ஆத்தாளும் அதுவழியாத்தான். இங்க வந்தா என்னைய அடுப்படி ஓரமா, சாமிக்கு முன்னால தூக்கிட்டுப் போவணும். மறுநாளு அந்தப் புள்ள அதே எடத்துல ஒலை வைக்கணும். அது பயந்துக்கிட்டே சமைக்கும் மிஸ். எனக்காக அது ஏன் பயப்படணும்?"

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாமேப்பா," என்றார் சந்திரன். குரல் இறங்கியிருந்தது.

"வயித்துப்புள்ளக்காரி நிக்கிறா. நல்ல காரியமா மொளக்குச்சி அடிக்கிற எடம். இந்தப் பேச்சப் பேசுவாங்களாடா?"

லயத்தைப் பற்றி நான் பல பக்கங்கள் படித்திருக்கிறேன். நெருக்கடி, புகை, ஒழுகும் தகரம், எல்லாம் உண்மை. ஆனால் ஒரு லயத்தில் எத்தனை காம்பரா இருந்தாலும் ஒவ்வொன்றுக்கும் நேர் வெளியே திறக்கும் கதவு இருக்கிறது. யாரும் யாருடைய அடுப்படியையும் தாண்டி வெளியே போக வேண்டியதில்லை. அந்த ஒன்றை எங்கள் அழகான படம் பறித்துவிட்டிருந்தது. இது அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. இப்போது எழுதும்போதுதான் இவ்வளவு தெளிவாகத் தெரிகிறது.

மிஸ் என்ன செய்தார் என்பதை நிரோஷா கவனமாகப் படிக்க வேண்டும். அவர் வெறுங்காலால் அந்த நடைக் கோட்டைத் தேய்த்து அழித்தார். "இந்தப் படம் நான் வரைஞ்சது. இது பிழை," என்றார். சந்திரன் முன்னால், ஐயா முன்னால், வேலியருகே வேடிக்கை பார்த்த பக்கத்து வீட்டுக்காரர்கள் முன்னால் சொன்னார். குரலில் வருத்தமும் இல்லை, சமாளிப்பும் இல்லை. பானை ஒழுகுகிறது என்று சொல்வதுபோல் சொன்னார். மேலதிகாரி ஒருவர் இப்படிச் சொல்லி நான் கேட்டது அதுவே முதல் தடவை. நானாக இருந்தால் அலுவலகத்துக்குத் திரும்பி வந்து, யாரையாவது கேட்டு, இரண்டு நாள் தூங்காமல் கிடந்திருப்பேன்.

முன்வீட்டை நகர்த்த முடியாது. மண்மேட்டைவிட்டுத் தள்ளியும் நிற்க வேண்டும். மிச்சம் இருந்தது வீட்டின் பக்கவாட்டு இடம். அங்கே சந்திரன் ஆட்டோ நிறுத்தக் கொட்டகை போடவென்று கல் வைத்து, இடுப்பளவு சுவர் எழுப்பியிருந்தார். அவருடைய சொந்த உழைப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் தானே கட்டியது. மிஸ் அந்தச் சுவரைப் பற்றி எதுவும் பேசவில்லை. பின்வீட்டுக் கதவை அந்தப் பக்கம் திருப்பிப் போட்டார். கதவிலிருந்து ரோட்டு வரைக்கும் சாம்பலில் ஒரு வழி போட்டார். சுவர் இருந்த இடத்தில் சாம்பல் கோட்டை அதற்கு வெளியே வளைத்துக்கொண்டு போனார். வழி அங்கே ஒடுங்கியது.

பின்வீட்டுக்கென்று வாங்கிவைத்த பழைய மரக் கதவு நிலை ஒன்று வேலியில் சாய்ந்திருந்தது. "இத ஆறு பேரு தூக்கிட்டுப் போங்க," என்றார். "கதவுல இருந்து ரோட்டுக்கு. தோள்ல."

வேலியருகே நின்றவர்களுக்கு எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சிகரெட்டைக் கீழே போட்டுவிட்டு வந்தார்கள். ஒரு பக்கத்துக்கு மூன்று பேர். முன்மூலை ஒன்றைச் சந்திரன் தோளில் ஏற்றிக்கொண்டார். ஐயா மட்டும் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் ரஞ்சனி தேத்தண்ணியோடு வெளியே வந்தாள். "ஒரு நிலையத் தூக்க ஆறு பேரா?"

"ஒங்க மாமனாரு வீட்டு நிலையில்ல? பாரம் கூட," என்றார் செல்லம்மா பின்னாலிருந்து.

கதவிலிருந்து பாதி தூரம் சீராக வந்தார்கள். சுவர் ஒடுக்கத்தில் சந்திரனின் பக்கத்து ஆட்கள் இடித்துக்கொண்டார்கள். நடுவில் இருந்தவர் விலக வேண்டியதாயிற்று. நிலை ஒரு பக்கம் சாய்ந்தது. சந்திரன் தன் சுவரிலேயே முழங்காலை மோதிக்கொண்டு, விழாமல் சமாளித்து, "இறக்குங்க, இறக்குங்க," என்றார்.

நிலையைத் தரையில் வைத்தார்கள். சந்திரன் முழங்காலைத் தேய்த்தபடி அந்தச் சுவரைப் பார்த்தார். தகப்பனைப் பார்க்கவில்லை. பிறகு போய் மேல்வரிசைக் கல் ஒன்றை ஆட்டிப் பிடுங்கி வேலிப்பக்கம் எறிந்தார். அடுத்ததையும் பிடுங்கினார்.

"ஆட்டோ மழையில நனையுமேடா," என்றார் ஐயா.

"ஆட்டோவ வெளிய எடுத்து விட்டுக்கலாம்ப்பா. சொவர எடுத்து விட முடியாதுல்ல."

"சொவரு வேணாம். மேல தகரம் மட்டும் போட்டுக்கலாம், நாலு கால்ல, ஒசரமா," என்றார் மிஸ், ஒன்றுமே நடக்காதவர் மாதிரி. "இப்ப திருப்பித் தூக்குங்க."

இரண்டாம் தடவை நிலை எங்கேயும் இடிக்காமல் ரோட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. பெருமாள் ஐயா அதன் பின்னாலேயே கடைசிவரை நடந்து போனார். திரும்பி வந்து, சாம்பல் கோட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே போய் உட்கார்ந்தார். "செல்லம்மா, தேத்தண்ணிய இங்க கொண்டா," என்றார். முதல் துளி விழுந்தபோது மிஸ் அளவுகளை வாயால் சொல்ல, நான் குடைக்குள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன்.

வழியை அகலமாக்கியதால் பின்வீட்டின் அடுப்படி சுருங்கியது. செல்லம்மாவின் பாத்திரத் தட்டு இன்றுவரை அதற்குள் அடங்கவில்லை; என்னைப் பார்க்கும்போதெல்லாம் அதைச் சொல்கிறார். இன்னும் யோசித்திருந்தால் அதற்கும் வழி கிடைத்திருக்குமோ என்று எனக்கு இப்போதும் தோன்றும். ஆனால் பெருமழை தொடங்குவதற்குள் அவர்கள் அந்த வீட்டுக்குள் இருந்தார்கள். லயத்துக்குப் பின்னால் மண் இறங்கி, காம்பராக்களின் பின்சுவரை அழுத்தியபோது ஐயாவின் பழைய காம்பரா வெறுமையாக இருந்தது. அங்கே இருந்த மற்றவர்கள் பள்ளிக்கூடத்தில் தஞ்சம் தங்கப் போனார்கள். இரண்டு குடும்பம் மட்டும் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் ஐயா வீட்டில் நெருக்கியடித்துக்கொண்டு படுத்தது.

அந்த வழியால் முதலில் அவசரமாக வெளியே போனது ரஞ்சனிதான். விடியலில் வலி கண்டதும் தகரத்தின் கீழ் நின்ற ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்கள். குழந்தையைப் பார்க்க நான் போயிருந்தபோது அவள் என் காதருகே சொன்னாள்: "தேத்தண்ணி போட அனுப்புனப்பவே எனக்குத் தெரியும் அக்கா. ஒரு நிலைக்கு ஆறு பேரு எதுக்கு? மாமா மனசு கஷ்டப்படும்னு தெரியாத மாதிரி இருந்துட்டேன்." ஐயா வாசலில் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு போகிற வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். யார் வந்தாலும் அவருடைய வழியால்தான் வர வேண்டும் என்பது இப்போது அந்த வீட்டுச் சட்டம்.

நிரோஷாவுக்கு இதுவரை எழுதியது போதும். இனி எழுதுவது எனக்காக.

எங்கள் வீட்டுக்குப் பின்னாலும் கொஞ்சம் இடம் இருக்கிறது. அப்பா போன பிறகு அம்மா வெலிமடையில் தனியாக இருக்கிறார். இங்கே ஒரு பின்வீடு போட்டு அம்மாவைக் கூட்டி வரலாம் என்று சொன்னவர் என் கணவர், மாமியாரும் மறுக்கவில்லை. அம்மாதான், "எனக்கெதுக்கும்மா தனி வழி? ஒங்க அடுப்படி வழியா வந்து போய்க்கிறேன்," என்றார். பாரமாக இருக்கக் கூடாது என்று நினைத்துச் சொன்னது. சாம்பல் எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு நாள் நான் கோடு போடவில்லை. எத்தனை பேர் தூக்குவார்கள் என்று எந்த மகளால் தாயிடம் கேட்க முடியும்? கேட்காமல் விட்டால் அது சரியா?

கடைசியில் ஸ்டெல்லா மிஸ்ஸுக்குப் போன் எடுத்தேன். அவர் இப்போது வேறு மாவட்டத்தில் இருக்கிறார். முழுவதையும் சொன்னேன்.

"கேக்காதம்மா," என்றார். "கோட்டப் போடு. கட்டில் ஒன்னத் தூக்கிட்டு அந்த வழியால போகச் சொல்லு. அம்மா பக்கத்துல நடந்து வரட்டும்."

ஞாயிற்றுக்கிழமை அம்மா சொன்னபடியே அடுப்படி ஓரமாகக் கோடு போட்டேன். என் கணவரும் கொழுந்தனாரும் பக்கத்து வீட்டு ஆட்களும் கட்டிலைத் தோளில் தூக்கிக்கொண்டு பின்பக்கத்திலிருந்து ரோட்டை நோக்கி நடந்தார்கள். அம்மா என் மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே வந்தார். அடுப்படி மூலையில் கட்டில் இடித்து நின்றது. அம்மா கட்டிலைப் பார்த்தார். தூக்கியவர்களின் தோள்களைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

மகனை என் கையில் கொடுத்துவிட்டு, குனிந்து, புறங்கையால் சாம்பல் கோட்டை வெளிப்பக்கம் தள்ளிவிட்டார்.

"கொஞ்சம் அகலமாவே இருக்கட்டும்," என்றார்.